பூட்டு மாற்றியாயிற்று

சாவி திரும்பவில்லை.

சேஷன் ஸ்டியரிங்கை ஆட்டிப் பார்த்தார். கதவைத் திறந்த அதே சாவியைச் சற்றே வெளியே இழுத்துத் திருகிப் பார்த்தார். பல்லெல்லாம் மழுங்கிய அந்தச் சாவிக்கும் தேய்ந்த பூட்டுக்கும் என்றைக்காவது ஒரு நாள் ஒத்துவராமல் போகும் என்று அவருக்குத் தெரியும். அது இன்றைக்கா போக வேண்டும்?

மகளைப் பெண் பார்க்கக் கரோல் பாகிலிருந்து விஸ்வநாதன் குடும்பம் வருகிறது. மெட்ரோவில் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். "ஸ்டேஷனுக்கு நானே காரோட வந்து அழைச்சிண்டு போறேன்" என்று சேஷன் வாக்குக் கொடுத்திருந்தார். அவர் அண்டர் செக்ரட்டரியாக ஓய்வு பெற்றவர். கொடுத்த வாக்கை மாற்றுவது அவர்கள் குடும்பத்திலேயே கிடையாது.

காரும் லேசுப்பட்டதல்ல. அந்தக் காலத்தில் தில்லியின் பாதி அரசு அலுவலர்கள் பதிவு செய்து, காத்திருந்து வாங்கிய வெள்ளைக் கார். உள்ளே இன்று தூசி தும்பு இல்லை. டாஷ்போர்டுப் பிள்ளையார்கூடப் பளபளத்தார். சம்பந்திக்காக விஜயலக்ஷ்மி ஆள் வைத்துத் துடைத்திருக்கிறாள் என்று அவருக்கு உள்ளூரத் திருப்தி.

விஜயலக்ஷ்மி பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏன்னா, டாக்ஸிக்குச் சொல்லட்டுமா?"

"சம்பந்தியை எவனோ ஒருத்தன் வண்டியில ஏத்தறதா? மானம் போயிடும்."

"இப்படி உள்ளேயே உக்காந்திருந்தா மானம் நிக்குமாக்கும்!"

"பேசாம தேங்கா எண்ணெயை எடுத்துண்டு வா."

எண்ணெய் வந்தது. சாவி வழுக்கியதே தவிர அசையவில்லை. அடுத்துக் குறடு வந்தது. பிடித்து ஒரு திருகு திருகினார். சாவியில் பாதி திரும்பியது. மற்றப் பாதி பூட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது.

மார்க்கெட்டிலிருந்து மெக்கானிக் அர்விந்த் வந்து குனிந்து பார்த்தான். "அங்க்கிள்ஜி, லாக் பூரா மாத்தணும். பேசாம புது வண்டி வாங்கிடுங்களேன்" என்றான் ஹிந்தியில்.

"நான் கேட்டது பூட்டு. யோசனை கேக்கலை. ஜல்தி கரோ, பையா!"

ஸ்டியரிங்குக்குக் கீழே மூடியைக் கழற்றி, டிரில் போட்டுப் பூட்டைப் பெயர்த்தான் அர்விந்த். எந்த ஒயர் எதைத் தொட்டதோ, ஹாரன் அலற ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. நாலு மாடியும் பால்கனிக்கு வந்துவிட்டது.

"என்ன சேஷன் சாப், கார் திருட்டா?" என்று மேல்வீட்டுச் சர்மா கத்தினார்.

"என் காரை நானே திருடுவேனா?" என்று சேஷனும் பதிலுக்குக் கத்தினார்.

அந்த நேரம் பார்த்துச் செல்போன் அடித்தது. விஸ்வநாதன். "சார், நாங்க காலம்பறவே..." என்றதற்கு மேல் ஹாரனில் ஒன்றும் காதில் விழவில்லை.

"அங்கேயே இருங்கோ! வண்டி கிளம்பியாச்சு!" என்று கத்திவிட்டுச் சேஷன் போனை அணைத்தார்.

ஒருவழியாக ஹாரன் ஓய்ந்தது. புதுப் பூட்டு ஏறியது. புதுச் சாவி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. ஒரே திருகில் எஞ்சின் உறுமியது. சேஷன் முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

சரியாக அப்போது, கையில் அர்ச்சனைத் தட்டோடு விஸ்வநாதனும் மனைவியும் வாசல் கேட்டுக்குள் நடந்து வந்தார்கள்.

"வாங்கோ, வாங்கோ! நடந்தா வந்தேள்? உங்களை அழைச்சிண்டு வரத்தானே கிளம்பிண்டிருக்கேன்!"

விஸ்வநாதன் வாய் பிளந்தபடி காரையே பார்த்துக்கொண்டு நின்றார். பழைய வண்டியை இவ்வளவு நேர்த்தியாக வைத்திருக்கிறோமே என்று மனுஷர் மலைத்துவிட்டார்போலும். சேஷனுக்கு உற்சாகம் பொங்கியது.

"பூட்டு தேய்ஞ்சு கிடந்தது. பேர்த்து எறிஞ்சுட்டுப் புதுசு போட்டாச்சு. இனிமே சொந்தக்காரனைத் தவிர வேற எவனும் இந்த வண்டியைத் தொட முடியாது, பாருங்கோ!"

விஸ்வநாதன் மெல்லச் சட்டைப் பைக்குள் கைவிட்டு ஒரு கார்ச் சாவியை எடுத்தார். அதைப் பார்த்தார். காரைப் பார்த்தார். மறுபடி சாவியைப் பார்த்தார்.

தண்ணீர் டாங்கரை அனுப்பிவிட்டு அப்போதுதான் ஓடிவந்த காவல்காரன், சேஷனுக்கு ஒரு சலாம் வைத்தான்.

"சாப், டாங்கருக்கு வழிவிட உங்க வண்டியைக் காலையிலேயே பின் கேட்டுக்குத் தள்ளி வெச்சுட்டேன், அந்த இடத்துலதான் இவங்க தங்க வண்டியை விட்டுட்டுக் கோயிலுக்குப் போனாங்க!"