ஐந்து விரலும் பட வேண்டும்

மனித குலத்தின் மாபெரும் கண்டுபிடிப்பு சக்கரம் என்பார் சிலர். நெருப்பு என்பார் சிலர். பாவம், இரு தரப்பாருமே எங்கள் ஆலையின் படிக்கட்டுக் கைப்பிடியைப் பார்த்ததில்லை.

டப்பாக்களுக்கு மூடி தயாரிக்கும் அந்த ஆலையில் நான் 'கைப்பிடிக் கண்காணிப்பாளன்'. படியேறுகிறவர், இறங்குகிறவர் அனைவரும் கைப்பிடியைப் பிடித்தாக வேண்டும். சும்மா தடவிக்கொண்டு போனால் செல்லாது. ஐந்து விரலும் பட வேண்டும். சுண்டுவிரலை ஒயிலாகத் தூக்கிக்கொண்டு ஏறிய கணக்கரைக் கீழே அனுப்பி, முதல் படியிலிருந்து மறுபடி ஏற வைத்தவன் நான். அவர் என் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். அன்றிலிருந்து வீட்டில் என் சாப்பாட்டுத் தட்டு சத்தத்தோடுதான் வந்து இறங்குகிறது. இருக்கட்டும், கடமை என்று வந்துவிட்டால் மாமனாவது மச்சானாவது!

இந்தப் புரட்சியின் தந்தை எங்கள் பாதுகாப்பு மேலாளர். சாப்பிடும்போதும் ஹெல்மெட்டைக் கழற்ற மாட்டார். ஆகவே 'தொப்பி சார்'. டீ கப்புக்கு மூடி போட வைத்தவர். அந்த மூடியைத் திறக்கக் கையுறை போட வைத்தவரும் அவரே.

ஒருநாள் பாதுகாப்புக் கூட்டத்தில் பிரஸ் அக்கா எழுந்தார். மாடியில் தகட்டை மூடியாக அழுத்தும் பிரஸ் மிஷினை ஓட்டுபவர்.

"சார், மிஷின் முன்னாடி இருக்கிற தடுப்பு வலை பிஞ்சு போச்சு. தகடு வைக்கிறப்ப கை உள்ள போயிடுது. எத்தனை தடவதான் சொல்றது?"

"அருமையான கேள்வி" என்றார் தொப்பி சார். "வலை இருந்தா கை உள்ள போகாது. கை உள்ள போகாட்டி, உங்களுக்கு எச்சரிக்கை உணர்வு எப்படிம்மா வரும்?"

எல்லோரும் கைதட்டினோம். கையுறையோடு தட்டியதால் சத்தம் வரவில்லை.

"உணர்வு கிடக்கட்டும் சார், எனக்கு விரல் வேணும். தினம் என் பொண்ணுக்குச் சடை பின்னி அனுப்புறது நான்தான்."

அந்தத் தாயுள்ளம் தொப்பி சாரை உருக்கிவிட்டது. மறுநாளே மிஷினுக்கு எதிர்ச் சுவரில் ஆளுயரப் போஸ்டர் ஏறியது: 'உன் விரல் உன் கையில்!' மிஷின் எண்ணெய் தெறித்து அது பாழாகிவிடக் கூடாதே? அதற்கு முன்னால் கனமான கம்பி வலை ஒன்றும் மாட்டினோம்.

"அந்த வலையக் கழட்டி இங்க மாட்டுங்க சார், புண்ணியமாப் போகும்" என்றார் அக்கா.

"அப்ப போஸ்டருக்கு யாரும்மா பாதுகாப்பு?"

அக்கா அடுத்த தகட்டை எடுத்து மிஷினுக்குள் வைத்தார்.

சில வாரம் கழித்து ஒரு காலையில் மிஷின் இறங்கியபோது அக்காவின் வலது கை உள்ளே இருந்தது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் போயின. மெக்கானிக் அவரை இரண்டு கையாலும் வாரித் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓடினார். கைப்பிடியைப் பிடிக்காமல் இறங்கியதற்காக அவருக்கு எச்சரிக்கை கொடுத்தோம். விசாரணையும் முறைப்படி நடந்தது. அக்காவிடம் 'கவனக் குறைவு' இருந்ததாகவும், போஸ்டருக்குச் சேதம் ஏதும் இல்லை என்றும் முடிவானது. தொப்பி சார் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்.

காயம் ஆறி அக்கா வேலைக்குத் திரும்பிய அன்று நான் படிக்கட்டின் உச்சியில் நின்றிருந்தேன். கைப்பிடியைப் பிடித்தபடி மெல்ல ஏறி வந்தார். நான் எண்ணிப் பார்த்தேன். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே?

"நில்லுங்கக்கா. மூணு விரல்தான் படுது. கீழ போய் மறுபடி ஏறி வாங்க."

அக்கா இறங்கவில்லை. கைப்பிடியை விட்டுவிட்டு, அந்தக் கையை என் முகத்துக்கு நேராக விரித்தார்.

"மீதி ரெண்டும் உங்ககிட்டதான் தம்பி இருக்கு. குடுங்க, அஞ்சாலயும் பிடிக்கிறேன்."