சைபரைக் குறைக்கப் போன கழுதை

ஒரு காட்டில், சிங்கம் ராஜ்யபாரத்தை விட்டுவிட்டு ஓட்டல் நடத்திக்கொண்டிருந்தது. வேட்டையாடுவதைவிட வாடகை வாங்குவது சுலபம் என்று அதற்குத் தெரிந்துபோயிருந்தது.

அந்த ஓட்டலில் படுக்கை விரிப்புகளை வெளுப்பது செவந்தி என்கிற கழுதை. ஓடையில் துவைக்கும், பாறையில் விரிக்கும், மற்றதை வெயில் பார்த்துக்கொள்ளும். பதினெட்டு வருஷமாக இதுதான் வழக்கம்.

ஒருநாள் வெளிக்காட்டு விருந்தாளிகள், "பசுமைச் சான்றிதழ் இருந்தால்தான் தங்குவோம்" என்று சொல்லிவிட்டார்கள். பதறிப்போன சிங்கம், ஊழியர்களுக்குச் சிக்கனம் கற்பிக்க ஓர் அவதாரத்தை வரவழைத்தது. திரைக்குள் நின்று பேசும் பொய்மான் அது. பெருமாளே பத்தோடு நிறுத்திக்கொண்டார், இவர்கள் விடவில்லை. திரை வைக்க இடம் வேண்டும் என்று இரண்டு வேப்பமரங்களை வெட்டினார்கள். திரை ஓடுவதற்காக ஜெனரேட்டர் நாளெல்லாம் புகை கக்கியது.

"மூணு தடவை ஃபெயிலானா வேலை கிடையாது" என்று மேனேஜர் நரி அறிவித்தது. இந்த வேலை போனால் கழுதைக்குச் செங்கல் சூளைதான் கதி. செவந்தி திரைமுன் போய் நின்றது.

"வணக்கம்! துணி உலர்த்தும் மெஷினைத் தினமும் எத்தனை மணி நேரம் ஓட்டுகிறீர்கள்?" என்றது மான்.

"மெஷினெல்லாம் இல்ல தாயி. வெயில்லதான் காயப்போடுறேன்."

"பதில் புரியவில்லை. எண்ணில் சொல்லவும்."

"சைபர்."

"மிக்க நன்று! அதைப் பாதியாகக் குறைத்துவிட்டு அடுத்த வாரம் வரவும்."

அடுத்த வாரமும் செவந்தி சைபர் என்றது. "முன்னேற்றம் இல்லை. தோல்வி" என்று மான் அதே புன்சிரிப்போடு சொன்னது. அதற்கடுத்த வாரமும் அதே சைபர், அதே சிரிப்பு, அதே தோல்வி.

இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் பாக்கி, அதுவும் இரண்டு வாரம் கழித்து. செவந்தி நரியிடம் ஓடி அழுதது. "ஐயா, இல்லாததை நான் எப்படிக் குறைப்பேன்? நீங்களாவது அதுகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

"அதுகிட்ட யாரும் பேச முடியாது. அது மட்டும்தான் பேசும்." நரி தாடையைச் சொறிந்தது. "குறைக்கணும்னா மொதல்ல ஏத்தணும். மெஷின் ஒண்ணு வாங்கிப் போட்டுடுவோம்."

மெஷின் வந்தது. துணி காயும் பாறையின் மேலேயே அதற்குக் கொட்டகை போட்டார்கள். ஒரு வாரம் தினம் பத்து மணி நேரம் ஓடியது. மறுவாரம் ஐந்து. ஈரம் போகாத விரிப்பில் படுத்த விருந்தாளிகள் விடிய விடியத் தும்மினார்கள்.

"போன வாரம் பத்து, இந்த வாரம் அஞ்சு தாயி" என்றது செவந்தி.

திரையில் பூமாரி பொழிந்தது. ஓட்டலுக்குச் சான்றிதழ் கிடைத்தது. 'சுற்றுச்சூழல் காவலர்' என்ற பட்டையைச் சிங்கமே செவந்தியின் கழுத்தில் மாட்டிவிட்டது.

மறுநாள் நரி வந்தது. "அடுத்த வருஷமும் பாதியாக்கணுமாம். அதனால இன்னையிலேருந்து தினம் இருபது மணி நேரம் ஓட்டு."

வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. செவந்தி அண்ணாந்து அதைப் பார்த்தது. ஆனால் சூளையை நினைத்ததும் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டது.

"இருபது போதுமாங்கய்யா? இருபத்திரண்டா ஓட்டிடட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே பொத்தானை அழுத்தியது.

நீதி: நல்லவராக இருப்பவருக்குச் சான்றிதழ் கிடையாது, நல்லவராக மாறுபவருக்கே உண்டு. ஆகவே, திருந்துவதற்கென்று கொஞ்சம் கெட்டதை எப்போதும் கையிருப்பில் வைத்திருங்கள்.