ஜில்லென்ற ஜீவனஹள்ளி

வெயில் எங்கே அடிக்கிறது என்று வெயிலில் நிற்பவர்களைக் கேட்பது அறிவியல் ஆகாது. அதனால்தான் பெங்களூரில் வெப்பத் தணிப்பு அலுவலகம் திறக்கப்பட்டது. அங்கே ஏசி உண்டு, ஜன்னல் கிடையாது.

ஹெலன் ஜீவனஹள்ளியில் தகரக் கூரைக்கு அடியில் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறாள். பிள்ளைகளின் முதுகெல்லாம் வேர்க்குரு. மத்தியானத்தில் ஒன்றுகூடத் தூங்குவதில்லை. சூடான இடங்களுக்குக் கூரையின் உட்புறம் தெர்மாகோல் அடித்துக் கொடுக்க அலுவலகத்தில் திட்டம் இருந்தது. கேட்கப் போனாள்.

உதவி இயக்குநர் ஹரிஷ்குமார் திரையைத் திருப்பிக் காட்டினார். செயற்கைக்கோள் எடுத்த வெப்பப் படம். ஊரெல்லாம் சிவப்பு, ஹெலனின் தெரு மட்டும் நீலம்.

"உங்க தெரு லால்பாக் பூங்காவைவிட ஜில்லுனு இருக்கும்மா."

"சார், உள்ள வந்து ஒரு நிமிஷம் நின்னு பாருங்க. வெந்துடுவீங்க."

"அது உங்க ஃபீலிங். இது டேட்டா."

"எலெக்‌ஷனுக்குத் தெரு பூரா புதுத் தகரம் போட்டுக் குடுத்தாங்க சார். கண்ணு கூசுது."

"தெரியும்மா. பளபளப்பான தகரம் எவ்ளோ கொதிச்சாலும் சேட்டிலைட்டுக்குக் கம்மியாத்தான் தெரியும். கணக்குல திருத்தணும்."

"அப்போ திருத்துங்க சார்."

"திருத்தினா மேப் மாறிடும். இந்த மேப்புக்குத்தான் போன மாசம் அவார்டு வாங்கினோம்."

நியாயம்தானே. விருதைத் திருப்பிக் கொடுக்க எந்த விதியிலும் இடமில்லை.

அதோடு விடவில்லை. தெருமுனையில் 'மாநகரின் குளிர்ச்சித் தெரு' என்று பலகை நட்டார்கள். பக்கத்து காக்ஸ் டவுன் பணக்காரர்கள் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு வாக்கிங் வந்து செல்ஃபி எடுத்தார்கள். ஜீவனஹள்ளியின் சாதனையைக் கற்றுக்கொள்ள வெளியூர்க் குழு ஒன்று வந்தது. அதில் ஒருவர் ஹெலனின் கூரைக்கடியில் மயங்கி விழுந்தார். திடீர்க் குளிர்ச்சி உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அறிக்கை எழுதினார்கள்.

ஹெலன் விடாமல் மனு மேல் மனு போட்டாள். கடைசியில் தொல்லை தாங்காமல், நேரில் பார்த்துவர லாவண்யாவை அனுப்பினார்கள். வேலூரிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த பெண். நல்ல உச்சிவெயில். உள்ளே நுழைந்த வேகத்தில் வெளியே வந்தாள். துப்பட்டா நனைந்திருந்தது. வேடிக்கை பார்க்கத் தெருவே கூடியிருந்தது.

"அக்கா, என்ன இது அடுப்பு மாதிரி இருக்கு? புள்ளைங்க பாவம். நாளைக்கே தெர்மாகோலுக்கு எழுதிடறேன்."

ஹெலனுக்குக் கண் கலங்கிவிட்டது. கையெடுத்துக் கும்பிடப் போனாள்.

"பெங்களூர்னு நம்பி வந்தேன்க்கா. எங்க வேலூரே தேவலாம். வேலூரைவிட மோசம்னே எழுதிடட்டுமா?"

கும்பிட எழுந்த கை பாதியில் நின்றது. ஹெலனின் சொந்தக்காரர்களில் பாதிப்பேர் வேலூரில்தான் இருக்கிறார்கள். ஒவ்வொரு மே மாதமும் போன் போட்டு அவர்களிடம் பெங்களூர்க் குளிரைப் பற்றி அவள் அடிக்கும் பீற்றல் கொஞ்சநஞ்சமல்ல. அவள் தெருவைப் பார்த்தாள். தெரு அவளைப் பார்த்தது.

"வேலூரையும் பெங்களூரையும் ஒண்ணா சேக்காதம்மா," என்றாள் ஹெலன், கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டே. "என்ன இருந்தாலும் எங்க ஊரு வெதர் வருமா? சாயங்காலமானா போர்வை தேடுவோம்."

முந்தானையால் விசிறிக்கொண்டே தெரு மொத்தமும் ஆமாம் போட்டது. லாவண்யா அதை ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டு போனாள். தெர்மாகோல் வேறு தெருவுக்குப் போயிற்று. உள்ளே பிள்ளைகள் அழ ஆரம்பித்தன.