சீர் மெஷினில் பிழிந்த பித்தளை

படிக்காதவன் ஒரு முட்டாள்தனம் செய்தால் 'தெரியாமச் செஞ்சுட்டேன்' என்று தலையைச் சொறிந்துவிட்டுப் போய்விடுவான். படித்தவன் செய்தால் அதற்கு விளக்கம் சொல்வான். நான் மெக்கானிக்கல் டிப்ளமோ. என் விளக்கத்தை வீட்டில் யாரும் கேட்பதில்லை. ஆரம்பித்தாலே எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறார்கள். இன்றைக்கு நீங்கள் மாட்டினீர்கள்.

சமயநல்லூரில் நானும் என் கூட்டாளி செல்வமும் ஒரு சின்ன லேத் பட்டறை நடத்துகிறோம். தண்ணீர்க் குழாய்களுக்கு வேண்டிய பித்தளைச் சாமான்களைக் கடைந்து கொடுப்பது வேலை. கடையும்போது சூடேறாமல் இருக்க, தண்ணீரில் எண்ணெயைக் கலந்து மேலே ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கூலன்ட் என்போம். பார்க்க அசல் பசும்பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். (வாசம்தான் வேறு. பழசாகிவிட்டால் கூலன்ட் இருக்கிற பக்கம் நாய்கூடப் படுக்காது.) கடைந்து விழுகிற தூளும் துருவலும் அந்தப் பாலில் ஊறி, பட்டறைக்குப் பின்னால் குவிந்து கிடக்கும். அதை உருக்குகிறவர்கள் வாங்கிப் போவார்கள்.

சில வருஷங்களுக்கு முன்னால் என் தங்கச்சி மகள் பவித்ரா வயசுக்கு வந்தாள். தங்கச்சி லட்சுமியைப் பேரையூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். எங்கள் பக்கம் சடங்கு என்றால் தாய்மாமன் சீர்தான் பேச்சு. மேளத்தோடும் வெடியோடும் தெருவில் ஊர்வலமாகப் போக வேண்டும். ஊர் வாசலில் நின்று பார்க்க வேண்டும். லட்சுமியின் கல்யாணத்தில் நாங்கள் சீரைச் சுருக்கிவிட்டோம். அப்பாவுக்கு அப்போது உடம்பு சரியில்லை. அவள் மாமியார் அதை மறக்கவில்லை. வீட்டில் ஒரு கரண்டி உடைந்தாலும் "இதுவும் உங்க அண்ணன் வீட்டுச் சீரா?" என்று கேட்கிற அம்மா அது. லட்சுமி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. "பாத்துச் செய்யிண்ணே" என்று மட்டும் போனில் சொன்னாள். இந்தத் தடவை அவள் அந்த வீட்டில் தலைநிமிர்ந்து நிற்க வேண்டும் என்று எனக்கு ஒரே வைராக்கியம்.

வாஷிங் மெஷின் வாங்கினேன். பேரையூரில் தண்ணீர் வருகிற லட்சணத்துக்கு முழு ஆட்டோமேட்டிக் ஆகாது என்று, ஒரு பக்கம் துவைத்து மறுபக்கம் பிழிகிற மாடல். எங்கள் வீடு ஒத்தக்கடையில் மாடிப் போர்ஷன். படிக்கட்டில் மெஷின் ஏறவில்லை. அதனால் பட்டறையில் ஒரு மூலையில் அட்டைப்பெட்டியோடு வைத்தேன். மேளத்துக்கும் வெடிக்கும், பட்டறைக்குப் பின்னால் இருந்த துருவலை விற்கிற காசை நம்பியிருந்தேன்.

வாங்க வந்தவர் ஒரு கை அள்ளிப் பார்த்தார். உள்ளங்கையைப் பார்த்தார். திருப்பிக் கொட்டிவிட்டு வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"அண்ணே, தண்ணியோட உலையில போட்டா வெடிச்சு ஆளையே தூக்கிரும். எண்ணெயோட போட்டா புகையில கண்ணு அவிஞ்சுரும். ரெண்டும் போகணும். துணி காஞ்ச மாதிரி காஞ்சு வந்தாத்தேன் எடுப்பேன். சனிக்கிழமை வாரேன்."

அந்த வாரம் நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே, பகையாளிக்கும் வரக் கூடாது. முதலில் தார்ப்பாயில் வெயிலில் பரப்பினோம். சமயநல்லூர் வெயிலைக் குறை சொல்ல முடியாது, தண்ணீர் போனது. எண்ணெய் போகவில்லை, இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொண்டது. சோப்புத் தூள் போட்டு அலசினோம். எண்ணெய் போனது, தண்ணீர் வந்தது. வெயிலில் மறுபடி பரப்பலாம் என்றால் மழை வந்தது. (சமயநல்லூரில் மழை. அதுவும் அன்றைக்கு.) மேலே கூரை ஒழுக, பக்கத்தில் இருந்த கூலன்ட் ட்ரம் நிரம்பி வழிய, பழைய குருடி கதவைத் திறடி என்று ஆகிவிட்டது. இரும்புச் சட்டியில் போட்டு வறுத்தும் பார்த்தோம். எழும்பிய புகையைப் பார்த்து, எதிர்த்த டீக்கடைக்காரர் வாளியில் தண்ணீரோடு ஓடி வந்து சட்டியிலேயே ஊற்றினார். நல்ல மனுஷன். அவரைத் திட்டவும் முடியவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நானும் செல்வமும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தோம். அவன் போனில் ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டிருந்தவன், என்னிடம் நீட்டினான். வெளிநாட்டுத் தொழிற்சாலை ஒன்று. பெரிய ட்ரம்மில் ஈரத் துருவலைக் கொட்டி அசுர வேகத்தில் சுற்றுகிறார்கள். தண்ணீரும் எண்ணெயும் ஓட்டை வழியாகத் தெறித்துப் போய்விட, துருவல் பொலபொலவென்று வருகிறது.

"மாப்ள, இது என்ன பெரிய வித்தை. துணி பிழியிறதுதான?" என்றான்.

"ஆமா."

"அம்புட்டுத்தான?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அட்டைப்பெட்டியைப் பார்த்தோம்.

"சீர்ப் பொருள்டா," என்றேன்.

"சுத்துறதுக்குத்தானடா செஞ்சிருக்காய்ங்க? ஒரே ஒரு தடவ. கழுவி வச்சிட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

இந்த இடத்தில் ஒரு படிக்காதவன் இருந்திருந்தால் பயந்திருப்பான். எங்களுக்கு மையவிலக்கு விசை தெரியும்.

பழைய வேட்டியைக் கிழித்து, துருவலை மூட்டை மூட்டையாகக் கட்டி, பிழிகிற பக்கத்தில் வைத்து மூடினோம். மெஷின் முதலில் ஒரு மாதிரி முனகியது. பிறகு தடதடவென்று ஆடியது. பிறகு நடக்க ஆரம்பித்தது. செல்வம் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் கட்டிப்பிடித்துக்கொண்டு அதோடு சேர்ந்து ஆடினோம். அடியில் இருந்த குழாய் வழியாகப் பால் கொட்டியது. நின்றதும் மூட்டையை அவிழ்த்தால், துருவல் ரவை மாதிரி உதிர்ந்தது. கையில் ஈரமில்லை, பிசுக்கும் இல்லை. செல்வம் என்னைக் கட்டிப்பிடித்தான். அவ்வளவு நேரமும் மெஷினைக் கட்டிப்பிடித்திருந்ததால் அவனுக்கு அதே நினைப்பு.

ஒரே ஒரு தடவை என்றது, குவியல் முழுவதும் தீர்கிற வரை போனது. மறுநாள் வந்தவர் அள்ளிப் பார்த்தார், உள்ளங்கையைப் பார்த்தார். "இம்புட்டு சுத்தமா யாருமே தந்ததில்லண்ணே" என்று முழுவதையும் ஏற்றிக்கொண்டு போனார். பொறியியல் உலகத்துக்கே நான் ஏதோ செய்துவிட்ட மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். அந்த நிமிர்வு ஒரு வாரம் தாங்கியது.

மெஷினைச் சோப்புத் தூள் போட்டுக் கழுவினோம், துடைத்தோம். சீருக்குக் கிளம்பும் காலையில் என் மனைவி மகேஸ்வரி ரிப்பன் கட்டப் போனவள், மூடியைத் திறந்துவிட்டு உடனே மூடினாள்.

"என்னங்க, புது மெஷினுக்குள்ள மெக்கானிக் ஷெட்டு வாசம் வருது?"

"புதுப் பொருள்னா அப்படித்தான் இருக்கும்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஊதுபத்தி கொளுத்தி உள்ளே காட்டினேன். சந்தனம் தெளித்தேன். மெக்கானிக் ஷெட்டில் ஆயுத பூஜை நடந்த மாதிரி ஆகிவிட்டது.

பேரையூர் தெருமுனையில் இறங்கினோம். என் முகம் போட்ட ஃப்ளெக்ஸ் ஒன்று, 'பாசமிகு தாய்மாமன்' என்று. மேளம் பிய்த்து உதறியது. பெண்கள் தட்டுகளோடு முன்னால் போனார்கள். மெஷினை வண்டியில் கொண்டுபோகலாம் என்றேன். செல்வம் கேட்கவில்லை. "வண்டியில போனா எவனுக்குத் தெரியும்? தோள்ல வச்சாத்தேன் கெத்து" என்று அவனும் என் சித்தப்பா மகனும் சேர்ந்து தூக்கினார்கள். செல்வம் குள்ளம், தம்பி நெட்டை. மெஷின் செல்வம் பக்கம் சாய்ந்தது.

இரண்டு தொட்டிக்கும் நடுவில் ஒரு இடுக்கு இருக்கிறது. நாங்கள் கழுவிய சோப்பு எதுவும் அங்கே போகவில்லை. அங்கே தங்கியிருந்த கூலன்ட் எல்லாம் அந்தச் சாய்வில் இறங்கி, சுருட்டி வைத்த குழாய் வழியாகச் செல்வத்தின் வெள்ளைச் சட்டையில் வடிய ஆரம்பித்தது. வெள்ளையில் வெள்ளை, முதலில் யாருக்கும் தெரியவில்லை. தெருவில் கோடு விழுந்த பிறகுதான், ஒரு வாசலிலிருந்து பெரியவர் ஒருவர் கேட்டார்:

"ஏப்பா, தாய்மாமன் மெஷினக் கொண்டு வாரானா, மாட்டக் கொண்டு வாரானா? பால் கறக்குது பாரு."

தெரு சிரித்தது. மேளக்காரர் சிரித்ததில் தாளம் தப்பியது. செல்வம் மட்டும் கடமை தவறாமல் ஒழுகிக்கொண்டே நடந்தான்.

மண்டபத்தில் சீரை இறக்கி வைத்தோம். லட்சுமியின் மாமியார் மஞ்சளும் குங்குமமும் எடுத்து வந்தார். மெஷினுக்குப் பொட்டு வைத்துவிட்டு, சரியான பொருள்தானா என்று பார்க்கிற மாதிரி, பிழிகிற பக்கத்து மூடியைத் திறந்து உள்ளே கையை விட்டுத் தடவினார். கையை வெளியே எடுத்தார். ட்யூப்லைட் வெளிச்சத்தில் உள்ளங்கை முழுவதும் பொன்னாக மின்னியது.

"ஆத்தி, தங்கமா?" என்றது பக்கத்தில் இருந்த ஒரு அம்மா.

மாமியார் கையை மூக்கிடம் கொண்டுபோனார். முகம் மாறியது.

"புது மெஷின்னாய்ங்க. இதுல என்னத்தப் போட்டு வெளுத்தாய்ங்க?"

மண்டபமே என்னைப் பார்த்தது. லட்சுமியும் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. கல்யாணத்தன்றைக்கும் அவள் இதே மாதிரிதான் நின்றாள். எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. வாயைத் திறந்தேன். "அது வந்து, மையவிலக்கு விசைன்னு..." என்பது வரைக்கும்தான் வந்தது. மகேஸ்வரி என் தொடையில் கிள்ளினாள்.

அப்போது லட்சுமி முன்னால் வந்தாள். மாமியாரின் கையைப் பிடித்துத் தன் பட்டுச்சேலை முந்தானையாலேயே துடைத்தாள்.

"எங்கண்ணன் மத்தவுக மாதிரி கடையில வாங்கி அப்படியே தள்ளிவிடாது அயித்த. பித்தளையப் போட்டு ஓட்டிப் பாத்திருக்கு. பித்தளையவே பிழியிற மெஷின், நம்ம வீட்டுப் போர்வையப் பிழியாதா?"

மாமியார் மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கெட்டியான மெஷினுதேன் போல" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் பந்திக்குப் போனார். கூட்டமும் பின்னாலேயே போனது. சோறுதான் என்னைக் காப்பாற்றியது.

பின்பக்கம் பாத்திரம் கழுவுகிற இடத்தில் லட்சுமி என்னைப் பிடித்தாள்.

"நான் வாயில வந்ததச் சொன்னேன். நெசமாவே பித்தளையவாண்ணே போட்ட?"

"ஆமா."

"எம்புட்டு?"

"குவியல் பூராம்."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்துப் பதறினேன். அழத்தான் செய்தாள். நடுவிலே சிரிப்பும் வந்துவிட்டது. முந்தானையில் ஒட்டியிருந்த பித்தளை அவள் கன்னத்திலும் ஒட்டிக்கொண்டது.

வேறு மெஷின் வாங்கித் தருகிறேன் என்று மறுநாளே போன் செய்தேன்.

"மாத்துனா, நம்ம குடுத்தது பழசுன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். இதையே ஓட்டிக்கிறேன்" என்றாள்.

ஓட்டினாள். வருஷக்கணக்கில் ஓட்டினாள். அவள் மாமனார் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று துள்ளி எழுந்து, அந்த மெஷினில் பிழிந்த வேட்டியை உதறுவார். "தாய்மாமன் குத்துறான்" என்பார் பக்கத்தில் இருப்பவரிடம். மெஷின் மேல் ஒரு குறை சொல்ல லட்சுமி விட்டதில்லை. கடைசியில் மோட்டார் எரிந்து மெஷின் நின்றபோது, மாமியாரே "பாவம், நல்லா உழைச்ச மெஷினு" என்றாராம்.

இப்போது பவித்ராவுக்குக் கல்யாணம் கூடியிருக்கிறது. போன வாரம் சீர்ப் பொருள்களைப் பேரையூரில் கொண்டுபோய் இறக்கினேன். எங்கள் வீட்டில் இது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது: நான் எதைக் கொண்டுபோனாலும், குக்கரோ கிரைண்டரோ, வரிசையாக வந்து உள்ளே கையை விட்டு, உள்ளங்கையை வெளிச்சத்தில் பார்ப்பார்கள். அன்றைக்கும் மாமியார் பார்த்தார். பவித்ரா பார்த்து, "ஒழுகலயே மாமா" என்றாள். செல்வம்கூட என் பொருளைச் சந்தேகப்பட்டுக் கையை விட்டான். நான் களைத்துப்போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

கடைசியாக லட்சுமி வந்தாள். புது கிரைண்டருக்குள் கையை விட்டு நன்றாகத் தடவினாள். வெளியே எடுத்து, ஜன்னல் பக்கம் போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஒண்ணுமே மின்னலயேண்ணே," என்றாள். குரலில் லேசாக ஒரு ஏமாற்றம் இருந்தது.