நடுவருக்குக் கண் தெரியுமா?

"கடைசி வரியையும் படிக்கட்டுமா?" என்று கேட்டார் நாற்காலியில் இருந்தவர்.

"படிங்க," என்றார் கண்ணாடிக்கடைக்காரர். குரலில் சுரத்தே இல்லை.

படித்தார். தப்பில்லாமல் படித்தார். அதற்கும் கீழே எறும்பு சைஸில் அச்சிட்டிருந்த அச்சகத்தின் முகவரியையும் போன் நம்பரையும் சேர்த்துப் படித்தார். அந்த அட்டையில் அப்படியொரு முகவரி இருப்பதே கண்ணாடிக்கடைக்காரருக்கு இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தான் தெரிந்தது.

வேறு யாராவது இப்படிப் படித்திருந்தால் கைகொடுத்துப் பாராட்டியிருப்பார். ஆனால் வந்து உட்கார்ந்திருப்பவர் கால்பந்து லீக்கின் நடுவர். அந்த நடுவருக்குக் கண் தெரியாது என்று மைதானத்தில் தொண்டை கிழியக் கத்துகிற கூட்டத்துக்குத் தலைவர், அதாவது உள்ளூர் டீமின் ரசிகர் சங்கத் தலைவர், சாட்சாத் நம் கண்ணாடிக்கடைக்காரர்தான்.

கத்தியதோடு விட்டாரா? தொழில் தெரிந்த ஆளாயிற்றே. நடுவர்கள் எல்லோரும் கண் பரிசோதனை செய்து சான்றிதழ் தர வேண்டும் என்று லீக்குக்கு மனுவுக்கு மேல் மனு போட்டார். எந்த மனுவையும் பிரித்தே பார்க்காத லீக், என்ன கிரகமோ, இதை மட்டும் பிரித்துப் படித்து விதியாகவே ஆக்கிவிட்டது.

ஊரில் கண்ணாடிக்கடைக்குப் பஞ்சமில்லை. இந்த ஒரு தெருவிலேயே நாலு இருக்கிறது. அத்தனையையும் விட்டுவிட்டு இந்த மனிதர் இங்கே வந்திருக்கிறார் என்றால் வேண்டுமென்றே வம்புக்குத்தான் வந்திருக்கிறார்.

"ஞாயித்துக்கிழமை ஆட்டத்துக்கு முன்னாடி சர்டிபிகேட் குடுக்கணும் சார். நீங்க என்ன எழுதினாலும் சரி. நான் ஒண்ணும் தப்பா நினைச்சுக்க மாட்டேன்," என்றார் நடுவர்.

என்ன கொழுப்பு!

லீக்கிலேயே பெரிய கிளப்போடு மோதுகிற ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் லேசுப்பட்டது இல்லை. தோற்றால் டீம் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிடும். இறங்கினால், சட்டையில் பேர் போட்டுக்கொண்டு பணம் தருகிற மெத்தைக் கம்பெனி கழன்றுகொள்ளும். கம்பெனி போனால் கிளப்பை இழுத்து மூட வேண்டியதுதான். அப்பேர்ப்பட்ட ஆட்டத்துக்கு இவரா விசில் ஊதுவது? போன மூன்று சீசனாக ஒரு பெனால்டிகூடத் தராத மகராசன்!

சான்றிதழ் தரவும் மனசில்லை, மறுக்கவும் வழியில்லை. யோசிக்கக் கொஞ்சம் நேரம் வேண்டும்.

"கண்ணுக்கு உள்ளேயும் பார்க்கணும். சொட்டு மருந்து விடறேன். பார்வை மங்கும், வெளிச்சம் கூசும், பயப்படாதீங்க," என்று இரண்டு கண்ணிலும் மருந்தை விட்டார். பரிசோதனை அறையின் விளக்கை அணைத்தார். திரையை இழுத்துவிட்டு வெளியே வந்தார்.

வெளியே வந்தால், சங்கத்தின் செயற்குழு உள்ளே வந்துகொண்டிருந்தது.

செயற்குழு என்றால் இரண்டே பேர். ஒருவர் பேங்க்காரர், சங்கத்தின் பொருளாளர். இன்னொருவர் எதிர்வரிசை டெய்லர், செயலாளர். மத்தியானச் சாப்பாடு ஆனதும் இருவரும் இந்தக் கடைக்கு வந்து லீக்கைத் திட்டிவிட்டுப் போனால்தான் சாப்பிட்டது செரிக்கும்.

"இன்னிக்குக் கூட்டம் வேணாம், தலை வலிக்குது," என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

"எனக்கு நெஞ்சே வலிக்குது தலைவரே," என்று டெய்லர் பத்திரிகையை விரித்தார். "பெரிய கிளப்போட கோல்கீப்பர் முடி வெட்டிக்கிட்டானாம், அரைப் பக்கம். நம்ம செய்தி எங்கே தெரியுமா? பழைய சோபா விற்பனைக்குன்னு ஒரு விளம்பரம் இருக்கு பாருங்க, அதுக்குக் கீழே. டிவியில அதைவிட மோசம். நாம கோல் போடறப்பதான் விளம்பரமே போடறான்!"

"அதெல்லாம் பணம் பண்ற வேலைய்யா," என்றார் பேங்க்காரர். "நம்ம கிளப் என்ன பண்ணுது? இருந்த ஒரே ஸ்ட்ரைக்கரை வித்து மைதானத்து விளக்குக்குக் கரண்ட் பில் கட்டுது. இப்ப விளக்கு ஜோரா எரியுது, கோல் போடத்தான் ஆளில்ல."

"கமிட்டிகிட்ட சொல்லலாமே?"

"எந்தக் கமிட்டி? லீக் தலைவர் பெரிய கிளப்புக்கு பஸ் வாடகைக்கு விடறவரு. கமிட்டிக்காரங்க மொத்தப் பேரும் அந்த பஸ்லதான் கூட்டத்துக்கே வர்றாங்க. இதுல நியாயம் எங்கிருந்து வரும்?"

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்கய்யா," என்று கெஞ்சினார் கண்ணாடிக்கடைக்காரர்.

"ஏன் மெதுவாப் பேசணும்?" டெய்லர் இன்னும் உரக்கப் பேசினார். "போன ஆட்டத்துல நாம போட்டது சுத்தமான கோல். அதை ஆஃப்சைடுன்னு சொன்னானே அந்தக் குருடன்..."

"அது ஆஃப்சைடுதான்," என்றது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

ஃபிரேம் துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடிக்கடைக்காரரின் மனைவி வேலையை விட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"யாரு உள்ளே?" என்றார் பேங்க்காரர்.

"அது... ரேடியோ," என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

சொன்ன மறுகணமே தப்பு செய்துவிட்டோம் என்று புரிந்தது. டெய்லரின் கண்கள் கலங்கிவிட்டன.

"ரேடியோவா? ரேடியோவுல நம்ம ஆட்டத்தைப் பத்திப் பேசறாங்களா?" அவர் திரைக்குப் பக்கத்தில் போய்க் காதை வைத்துக்கொண்டார். "யோவ் பேங்க்கு, ஓடி வாய்யா! நம்ம டீமைப் பத்தி ரேடியோவுல பேசறாங்க!"

"ஆஃப்சைடுன்னு சொன்னதை விடு. ஸ்ட்ரைக்கரை வித்த ஊழலைப் பத்திப் பேசுவாங்களா?" என்றார் பேங்க்காரர்.

"அவனை வித்திருக்கவே கூடாது," என்று உள்ளேயிருந்து ஒரு பெருமூச்சு வந்தது.

"கேட்டியா! ரேடியோக்காரனுக்கே வயிறு எரியுது!"

"போதும் போதும், அணைச்சிடறேன்," என்று கண்ணாடிக்கடைக்காரர் நடுவில் பாய்ந்தார். பாய்ந்து என்ன பயன்? டெய்லர் அதற்குள் போனை எடுத்துவிட்டார். எதிர்க்கட்டட மாடியில்தான் பத்திரிகை அலுவலகம்.

"நிருபர் தம்பி, உடனே கண்ணாடிக்கடைக்கு வா. ரேடியோவுலயே எங்க டீமைப் பத்தி விவாதம் நடக்குது. நீங்க இன்னும் சோபா வித்துக்கிட்டு இருங்க!"

நிருபர் கேமராவோடு வந்தார். "எந்த ஸ்டேஷன்?" என்று கேட்டுக்கொண்டே, யாரும் தடுப்பதற்குள் திரையை ஒரே இழுப்பாக இழுத்தார்.

கடையின் அத்தனை வெளிச்சமும் நடுவரின் கண்ணில் போய் விழுந்தது. அவர் பதறி எழுந்தார். கைகளால் துழாவிக்கொண்டு இரண்டடி நடந்து, ஃபிரேம் மாட்டி வைத்திருந்த ஸ்டாண்டில் முட்டிக்கொண்டு, அந்த ஸ்டாண்டிடமே "மன்னிக்கணும் சார்" என்று பணிவாகச் சொன்னார்.

கேமரா மின்னிக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலையில் முதல்முறையாக அந்த டீமின் செய்தி விளையாட்டுப் பக்கத்தின் உச்சியில் வந்தது. ஸ்டாண்டிடம் நடுவர் மன்னிப்புக் கேட்கும் போட்டோ கால் பக்கத்துக்கு. "கண் தெரியாத நடுவர்: கையும் களவுமாகப் பிடித்த ரசிகர் சங்கத் தலைவர்!" என்று தலைப்பு. பெரிய கிளப்பின் செய்தி சோபா விளம்பரத்துக்குக் கீழே போயிருந்தது.

கடை வாசலில் கூட்டம். வந்தவர்கள் எல்லாம் கண்ணாடிக்கடைக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவருக்கோ அந்தத் தலைப்பு பொய் என்று தெரியும். நிருபரைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தார்.

"தம்பி, அவர் கண்ணுல ஒரு குறையும் இல்ல. நான்தான் மருந்து விட்டேன். அதனாலதான் தடுமாறினாரு."

"நன்றி சார்," என்றார் நிருபர் உற்சாகமாக.

மத்தியானத்துக்குள் பத்திரிகையின் இணையப் பக்கத்தில் புதுத் தலைப்பு வந்துவிட்டது. "நடுவரின் கண்ணில் மருந்து: ரசிகர் சங்கத் தலைவரின் ஒப்புதல் வாக்குமூலம்!"

இப்போது வாசலில் பெரிய கிளப்பின் ரசிகர்கள் வந்து நின்றார்கள். அவர்கள் கைகுலுக்க வரவில்லை.

அந்த நேரம் பார்த்து லீக் செயலாளர் போனில் வந்தார். "கமிட்டி அவசரமாக் கூடிப் பேசிட்டோம். வேற இடத்துல பரிசோதனை பண்ணினா எங்க விதியை நாங்களே நம்பலைன்னு ஆயிடும். அதனால நீங்க எழுதறதுதான் முடிவு. பார்வை சரின்னு எழுதினா அவர் ஊதுவாரு. இல்லைன்னா வெளியூர்லேருந்து ஆள் வரும். சாயந்திரத்துக்குள்ள எழுதிடுங்க."

பேங்க்காரரும் டெய்லரும் கூடவே இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தலைவரே, தெய்வமாப் பார்த்துக் குடுத்த சந்தர்ப்பம்," என்றார் டெய்லர். "கண்ணுல கோளாறுன்னு ஒரு வரி. கிளப் பொழைச்சுக்கும்."

"மருந்து விட்டதுனாலதான் கோளாறே தெரிஞ்சுதுன்னு எழுதுங்க, ஒருத்தனும் கேட்க முடியாது," என்று பேங்க்காரர் எடுத்துக் கொடுத்தார்.

கண்ணாடிக்கடைக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் ஒரு ஃபிரேமின் கால்களை மடக்கிப் பெட்டியில் வைத்தாள்.

"தாராளமா எழுதுங்க," என்றாள். "ஆனா எங்க அம்மாவுக்குக் கண்ணு பார்க்கணும்னு சொன்னேனே, நாளைக்கு அவங்களை நான் வேற கடைக்குக் கூட்டிட்டுப் போறேன்."

அவ்வளவுதான் சொன்னாள். கண்ணாடிக்கடைக்காரருக்குச் சுருக்கென்று தைத்தது. இந்தக் கடைக்கு வருகிறவர்கள் அவர் எழுதித் தருகிற கண்ணாடி நம்பரை நம்பித்தான் ரோட்டைக் கடக்கிறார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். டீமுக்காக உயிரைக்கூடக் கொடுக்கலாம். இந்த நம்பிக்கையைக் கொடுக்க முடியாது.

பேனாவை எடுத்தார். இரண்டு கண்ணிலும் பார்வை குறையேதும் இல்லாதது, இவ்வளவு கூர்மையான பார்வையை நான் இதுவரை பரிசோதித்ததே இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரையும் வைத்தார். போட்டு முடித்ததும் அழுகை அழுகையாக வந்தது. கிளப்பை நம் கையாலேயே மூடிவிட்டோம் என்றுதான் நினைத்தார்.

டெய்லர் அந்தத் தாளை எட்டிப் பார்த்தார். பிறகு சங்கத் துண்டைக் கழுத்திலிருந்து எடுத்து மடித்து மேஜைமேல் வைத்தார்.

"இனிமே நீங்க எங்களுக்குத் தலைவர் இல்ல," என்றார்.

"இனிமே சங்கமே இருக்குமான்னு தெரியல, இதுல தலைவர் ஒரு கேடா," என்று பேங்க்காரரும் கிளம்பிவிட்டார்.

சாயந்திரம் சான்றிதழை வாங்க நடுவர் வரவில்லை. அவர் மனைவி வந்தார். பத்திரிகையில் போட்டோ வந்ததிலிருந்து கணவர் தெருவில் இறங்கவே கூச்சப்படுகிறார் என்றார்.

"எழுதிட்டீங்களா சார்?" என்று கேட்டபோது அந்த அம்மாளின் குரலில் ஓர் ஆவல் இருந்தது.

"எழுதிட்டேன்மா," என்று கண்ணாடிக்கடைக்காரர் தாளை நீட்டினார். மனசு பாரமாக இருந்தாலும் முகத்தை நிமிர்த்தி வைத்துக்கொண்டார். "தப்பெல்லாம் என்மேலதான். அவர்கிட்ட நான் மன்னிப்புக் கேட்டதாச் சொல்லுங்க. வைரம் மாதிரிக் கண்ணும்மா அவருக்கு. இனிமே அவரை ஒருத்தன் குறை சொல்ல முடியாது. இன்னும் இருபது வருஷம் அவரே நடுவரா இருக்கலாம்."

அந்த அம்மாள் தாளைப் படித்தார். மறுபடியும் படித்தார். முகம் சுண்டிப்போய், பக்கத்தில் இருந்த ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க! அவர் ராஜினாமா எழுதி அனுப்பினா லீக்ல பிரிச்சே பார்க்க மாட்டேங்கறாங்க. அவருக்குத்தான் பொய் சொல்ல வராது, நீங்களாவது கண்ணு தெரியலைன்னு எழுதிக் குடுத்துடுவீங்க, இனிமே அந்த விசிலைத் தூக்கிப் போட்டுட்டு உங்க பக்கத்துல உக்காந்து நம்ம டீமுக்காக வாய்விட்டுக் கத்தலாம்னுதானே அத்தனை கடையையும் தாண்டி உங்ககிட்ட வந்தாரு!"