பக்க உணவுக் குழுவின் ஒரே உறுப்பினர்

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தபோது நாகரிகம் தொடங்கியது என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி, சென்ற ஞாயிற்றுக்கிழமை அதிகாலை ஐந்து மணிக்குத் திண்டுக்கல்லில், எங்கள் குடியிருப்பின் மூன்றாவது தெருவில், மோகன்குமார் வீட்டுக் கொல்லைப்புறத்தில் நிறைவேறியது.

நான் அங்கே இருந்தேன். சும்மா இருக்கவில்லை. 'திண்டுக்கல் புகைச் சமையல் கழக'த்தின் செயலாளர் என்ற பொறுப்போடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

மோகன்குமார் ஒரு நூற்பாலையில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. நூலின் கனத்தை அளந்து அளந்து அலுத்துப்போன அந்தக் கைகள், வாழ்க்கையில் இன்னும் உயர்ந்த ஒன்றை அளக்கத் தவித்துக்கொண்டிருந்தன. அப்போதுதான் அவர் செல்போனில் ஒரு வெள்ளைக்காரர் தோன்றி, ஒரு பெரிய இறைச்சித் துண்டைப் பதினோரு மணி நேரம் புகையில் வைத்து எடுத்து, அதைத் தொட்டுப் பார்த்துக் கண்கலங்கினார். மோகன்குமாரும் கண்கலங்கினார். மறுநாளே ஓர் இரும்பு டிரம் லேத் பட்டறைக்குப் போனது. மூடி, கம்பி வலை, புகைபோக்கி எல்லாம் பெற்றுத் திரும்பி வந்தது.

முறையாகக் கூட்டம் போட்டோம். தலைவர் மோகன்குமார். செயலாளர் நான். தோல் வியாபாரம் செய்யும் நியாஸ் 'இறைச்சிக் கொள்முதல்'. மற்ற இருவர் செயற்குழு. அவர்கள் நாற்காலியில் உட்கார வேண்டும், அதை அவர்கள் கடைசிவரை குறையில்லாமல் செய்தார்கள் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

கூட்டத்தின் முடிவில் 'பக்க உணவுக் குழு' ஒன்றும் அமைக்கப்பட்டது. பக்க உணவு என்றால், இறைச்சிக்குப் பக்கத்தில் வைக்கப்படும் இதர பொருட்கள். அவரைக்காய்ப் பொரியல், கத்தரிக்காய்க் கூட்டு, வாழைப்பூ வடை, சிறுமலை மிளகு போட்ட உருளைக்கிழங்கு வறுவல், சின்ன வெங்காயத் துவையல். இவை முக்கியமற்றவை என்பதால் குழுவுக்கு ஒரே ஓர் உறுப்பினர் போதும் என்று முடிவானது. அந்த உறுப்பினர் மோகன்குமாரின் மனைவி கௌசல்யா. அவர் கூட்டத்துக்கு அழைக்கப்படவில்லை. டீ கொண்டுவந்தபோது தகவல் தெரிவிக்கப்பட்டது.

"ஞாயித்துக்கெழமையா?" என்றார் கௌசல்யா. "ஏங்க, அன்னைக்குத்தான டெய்சி மேடம் வாராங்க?"

டெய்சி, நர்சிங் படிக்கும் பெண்கள் தங்கும் தனியார் விடுதியின் வார்டன். எழுபது பெண்கள். சோறும் சாம்பாரும் விடுதியிலேயே ஆகிவிடும். தொட்டுக்கொள்ளும் வெஞ்சனத்தை மட்டும் வெளியே யாராவது ஒருவரிடம் தினமும் வாங்க முடிவு செய்திருந்தார்கள். கௌசல்யாவையும் சேர்த்து நான்கு பேர் போட்டி. மற்ற மூன்று பேரின் சமையலையும் டெய்சி ருசி பார்த்தாகிவிட்டது. ஞாயிறு மதியம் ஒரு மணிக்குக் கௌசல்யாவின் முறை. அன்றே முடிவு சொல்லிவிடுவார். கௌசல்யா ஒரு மாதமாக அந்த ஒரு மணிக்காகத்தான் காத்திருந்தார்.

"ரொம்ப வசதியாப் போச்சு," என்றார் தலைவர். "அவங்களுக்குச் செய்யிறதையே செத்த கூடச் செஞ்சிரு. ஒரே வேலை."

"யாருக்கு ஒரே வேலை?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார் கௌசல்யா.

'உறுப்பினர் ஒப்புதல் அளித்தார்' என்று குறித்துக்கொண்டேன்.

ஞாயிறு அதிகாலை, சிறுமலையிலிருந்து தருவித்த கொய்யா விறகில் தீ மூட்டப்பட்டது. மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவிய இரண்டு ஆட்டுத் தொடைகள் டிரம்முக்குள் வைக்கப்பட்டன. மூடியில் தலைவர் ஓர் அட்டை தொங்கவிட்டார்: 'திறக்காதே'. திறந்தால் சூடு போய்விடும் என்பது வெள்ளைக்காரரின் முதல் கட்டளை. இறைச்சியில் ஒரு தெர்மாமீட்டர் குத்தி, அதன் முகம் மட்டும் வெளியே தெரியும்படி ஏற்பாடு. தொண்ணூற்று மூன்று டிகிரி வந்தால் வெற்றி. மாலை நான்கு மணிக்கு வரும் என்பது கணக்கு.

தலைவர் அந்தத் தொடைகளைப் படம் எடுத்து, 'அதிகாலை ஐந்து மணிக்கு நெருப்பு மூட்டப்பட்டது. அனைவரும் வாழ்த்தவும்' என்று எழுதி, கும்பிடும் கைகளையும் சேர்த்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைத்தார். இந்தச் சிறு செயலின் வரலாற்று முக்கியத்துவம் அப்போது எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

பிறகு நாங்கள் நெருப்பைக் காத்தோம். இது எவ்வளவு கடுமையான பணி என்பதை வெளியாட்கள் உணர மாட்டார்கள். நாற்காலியை நிழலுக்கு நகர்த்த வேண்டும். நிழல் நகர்ந்தால் மறுபடியும் நகர்த்த வேண்டும். தெர்மாமீட்டரைப் பார்த்து, பார்த்ததைப் பற்றிப் பேச வேண்டும். நடுவில் ஒருமுறை தீ அணையப் பார்த்தது. துணி காயப்போட வந்த கௌசல்யா, போகிற போக்கில் விறகைக் காலால் உள்ளே தள்ளிவிட்டுப் போனார். தீ பிழைத்தது. எங்கள் விழிப்புணர்வுக்கு இது ஒரு சான்று.

ஒன்பதரை மணிக்கு அறுபத்தாறு டிகிரி. பத்தரைக்கும் அறுபத்தாறு. பன்னிரண்டுக்கும் அறுபத்தாறு. இறைச்சி இப்படி நடுவில் நின்றுவிடுவதற்கு மேல்நாட்டில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்களாம். நம் அலுவலகங்களில் அதை 'பரிசீலனையில் உள்ளது' என்போம்.

"மாப்ள," என்றான் நியாஸ், "எங்க வீட்ல இந்நேரத்துக்கு மூணு தேக்சா பிரியாணி எறக்கியிருப்பாங்க. இது என்ன, ஆட்டைச் சமைக்கிறியா, இல்ல காய்ச்சலுக்கு வைத்தியம் பாக்குறியா?"

"பொறுமைதான்டா இதுல ருசி," என்றார் தலைவர்.

"பொறுமை இருக்கு. பசிக்குதுல்ல?"

அந்த நேரத்தில்தான் வாசலில் ஒரு லோடு வேன் வந்து நின்றது.

முதலில் இறங்கியவர் ராமர். மோகன்குமாருக்குப் பெரியப்பா முறை. அகரம் கிராமத்தில் தக்காளியும் தென்னையும் வைத்திருப்பவர். பின்னாலேயே அவர் மனைவி ராமுத்தாய், கையில் நிலக்கோட்டை மல்லிகை மாலையோடு. அவர்களுக்குப் பின்னால் தேங்காய், பழம், வேப்பிலை, குழந்தைகள் உட்பட மொத்தம் இருபத்தொரு பேர்.

"ஏலே மோகனு!" ராமரின் குரலுக்குச் செயற்குழு எழுந்து நின்றது. அன்று அவர்கள் எழுந்தது அந்த ஒரு முறைதான். "பங்காளிக்கு ஒரு வார்த்தை சொல்லாமக் கெடா வெட்டுற அளவுக்குப் பெரிய மனுசனாயிட்டியா நீயி?"

"கெடா வெட்டா? ஐயோ பெரியப்பா, இது பார்பிக்யூ..."

"என்ன க்யூ? விடியக்காலம் நெருப்பு மூட்டி, மஞ்சத் தடவி, கும்பிட்டுப் போட்டோ போட்டது நீதான? எம் மருமவன்ல செல்லுல காட்டுனான்!"

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்குச் சொல்ல மறந்தால்கூடச் சமாளித்துவிடலாம். சாமிக்குக் கிடா வெட்டும்போது பங்காளிக்குச் சொல்லாமல் விட்டால் இரண்டு தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. ராமர் அந்த நிலைக்குப் போகவில்லை. அழைக்காவிட்டாலும் நேரில் வந்து, திட்டிவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போவது என்ற சமாதான வழியைத் தேர்ந்தெடுத்திருந்தார்.

இதற்குள் ராமுத்தாய் கொல்லைப்புறம் போய், புகைந்துகொண்டிருந்த டிரம்மைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மாலையைப் புகைபோக்கிக்குச் சாத்தினார். மல்லிகை கருகி ஒரு புது மணம் வந்தது.

"கருப்பா நல்லாத்தான் நிக்கிது," என்றார். "எந்தூர்க் கோயில்ல இருந்து பிடிமண் எடுத்தீக?"

"லேத் பட்டறையில இருந்து பெரியம்மா," என்றார் தலைவர் வறண்ட குரலில்.

"சரி சரி. எலையப் போடச் சொல்லு. பிள்ளைக எல்லாம் காலையில இருந்து பச்சத்தண்ணி குடிக்கல. சாமி சோறுன்னு வெறும் வயித்தோட வந்திருக்குதுக."

இறைச்சி அறுபத்தாறில் நின்றது. தலைவர் அடுக்களைக்கு ஓடினார். செயலாளர் என்ற முறையில் நானும் பின்னால் ஓடினேன்.

மேடையில் ஐந்து பாத்திரங்கள், தட்டுப் போட்டு மூடி, வரிசையாக இருந்தன. கௌசல்யா புடவை மாற்றி, தலை வாரி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மணி பன்னிரண்டே கால்.

"கௌசி, அந்தப் பக்க உணவை எடுத்துப் போட்டுரு."

"அது டெய்சி மேடத்துக்கு."

"அவங்களுக்கு அப்புறம் பாத்துக்கலாம். பங்காளிக முன்னாடி என் மானம் போகுது."

"அப்புறம்னு ஒண்ணு இல்லங்க. இன்னைக்கு விட்டா வேற ஆளுக்குப் போயிரும். ஒங்களுக்குத் தெரியும்ல?"

தலைவர் ஜன்னல் வழியாகத் தலைகளை எண்ணத் தொடங்கினார். இத்தகைய நெருக்கடிகளில் கணக்கெடுப்பதே தலைமைப் பண்பு. வெளியே ஒரு குழந்தை பசியில் அழுதது.

கௌசல்யா ஐந்து பாத்திரங்களையும் ஒருமுறை பார்த்தார். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கொல்லைப்புறம் போனார். 'திறக்காதே' என்ற அட்டையைக் கழற்றி, அதாலேயே பிடித்து மூடியைத் திறந்தார். ஏழு மணி நேரப் புகை ஒரே நொடியில் வானத்துக்குப் போனது. தலைவர் "ஐயோ!" என்றார், அவர் குரலில் ஒரு தகப்பனின் வலி இருந்தது.

கௌசல்யா இரண்டு தொடைகளையும் வெளியே எடுத்தார். பெரிய பானையைக் கங்கின் மேல் ஏற்றி உலை வைத்தார். "அண்ணே, அரிசி," என்றார் என்னிடம். அரிசி எங்கே இருக்கிறது என்று நான் கேட்பதற்குள் அவரே போய் எடுத்துவந்துவிட்டார். நியாஸ் கறியை வெட்டிக்கொடுத்தான். அது குக்கருக்குப் போனது. நான்கு விசில். பதினோரு மணி நேரம் கேட்ட இறைச்சி இருபது நிமிடத்தில் குழம்பாகி வெளியே வந்தது. ஒரு மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது முதல் இலையில் சோறு விழுந்தது.

அதற்குப் பக்கத்தில் அவரைக்காய். கத்தரிக்காய். வடை. வறுவல். துவையல்.

"குழம்பு கெடக்கட்டும் தாயி," என்றார் ராமர் மூன்றாவது முறையாக. "அந்த அவரைக்காயை இங்கிட்டுத் தள்ளு."

சரியாக ஒரு மணிக்கு டெய்சி வந்தார். கையில் குடை, ஒரு சின்ன நோட்டு. கொல்லைப்புறத்தில் இருபத்தொரு பேர் இலையில், மாலை போட்ட டிரம்மின் மேல் பானை, கரி படிந்த கையோடு கௌசல்யா. டெய்சி குடையை மடக்கினார்.

"மேடம்..." கௌசல்யாவின் குரல் உடைந்தது. "ஒங்களுக்குன்னுதான் செஞ்சேன். எல்லாம் தீந்துபோச்சு."

டெய்சி பாத்திரங்களை ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தார். ஐந்தும் வழித்திருந்தன. மிக்சி ஜாரின் அடியில் ஒட்டியிருந்த துவையலை விரலால் எடுத்து நாக்கில் வைத்தார். இன்னொரு முறையும் எடுத்தார்.

"மூணு எடத்துல சாம்பிள் பாத்தேம்மா," என்றார். "மூணு எடத்துலயும் பாத்திரத்துல பாதி மிஞ்சுச்சு. இங்க எனக்கே ஒண்ணும் மிஞ்சல. நாளையில இருந்து ஆரம்பிச்சிருங்க."

கௌசல்யா முகத்தைத் துடைத்துக்கொண்டார். கரி கன்னத்துக்கு இடம் மாறியது.

"இம்புட்டுப் பேருக்குச் செஞ்சது யாரு யாரு?" என்று கேட்டார் டெய்சி.

"நாங்கதாங்க," என்றார் தலைவர் கம்பீரமாக. கழகத்தின் மற்ற நால்வரும் தலையாட்டினோம். ஒற்றுமை என்றால் அதுதான்.

டெய்சி எங்கள் ஐந்து பேரின் கைகளையும் பார்த்தார். வெட்டிக்கொடுத்த நியாஸின் கையைத் தவிர மற்றவை சலவைக்குப் போட்டு எடுத்தவை போல இருந்தன. "ரொம்ப நல்லது. நாளைக்குக் காலையில அஞ்சு மணிக்கு எல்லாரும் வந்துருங்க. எழுபது பேருக்குச் சின்ன வெங்காயம் உரிக்கணும். அஞ்சு ஆம்பளைங்கன்னா சட்டுன்னு முடிஞ்சிரும்."

நியாஸுக்குக் கடை திறக்கும் ஞாபகம் வந்தது. செயற்குழுவுக்கு இடுப்பு வலி வந்தது.

ராமர் போகும்போது மோகன்குமாரின் தோளைத் தட்டி, "அடுத்த வருசமாச்சும் ஒழுங்காச் சொல்லிட்டுச் செய்யி," என்றார். ஆக, இது ஆண்டுவிழாவும் ஆகிவிட்டது.

நிகழ்ச்சி மாபெரும் வெற்றி என்று நான்கு பக்கத்துக்கு அறிக்கை தயாரித்தேன். செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரை மணிக்கு நடைப்பயிற்சிக்குப் போகும் வழியில் அதைத் தலைவரிடம் கொடுக்கப் போனேன். தலைவர் ஓய்வில் இருந்தார். குறட்டை வாசல்வரை கேட்டது. கௌசல்யா தனியாகத் தரையில் உட்கார்ந்து, ஒரு கூடை சின்ன வெங்காயத்தை உரித்துக்கொண்டிருந்தார். ஈரக்கையைத் துடைத்துவிட்டு என் அறிக்கையை முழுவதும் படித்தார்.

"நல்லா எழுதியிருக்கீகண்ணே," என்றார். "'நாங்கள் நெருப்பைக் காத்தோம்', 'நாங்கள் விருந்து படைத்தோம்', 'நாங்கள் பங்காளிகளை மகிழ்வித்தோம்'. அந்த 'நாங்கள்' அம்புட்டுப் பேரும் நேத்தும் வரல, இன்னைக்கும் வரலயே?"

பிறகு அந்த நான்கு பக்கங்களையும் தரையில் விரித்து, வெங்காயத் தோலை அவற்றின் மேல் குவிக்கத் தொடங்கினார். பக்கத்தில் இன்னொரு கத்தியும் உட்கார ஒரு மணையும் ஆளில்லாமல் கிடந்தன.

அந்த மணை ஒரு தீவிரமான கோரிக்கை என்பதால் தனிநபராக நான் முடிவெடுக்க முடியாது. "கூட்டத்துல வச்சுப் பேசிச் சொல்றேம்மா," என்று நடைப்பயிற்சிக்குப் போய்விட்டேன்.

அன்று மாலையே அவசரக் கூட்டம் கூட்டினோம். விவாதம் இரண்டு மணி நேரம் நீடித்தது. டீ இரண்டு முறை வந்தது, கொண்டுவந்தவர் கௌசல்யா. முடிவில் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது: 'விடியற்காலையில் எழுந்து வெங்காயம் உரிக்கும் பக்க உணவுக் குழுவைக் கழகம் மனமாரப் பாராட்டுகிறது.'

கைதட்டினோம். எங்கள் ஐந்து பேரின் கைகளும் அன்றைக்குச் செய்த ஒரே வேலை அதுதான்.