கதவுவரை கர்ஜித்த வெர்ன் கிரெப்ஸ்

கதவுவரை கர்ஜிப்பவரை உங்களுக்குத் தெரியும். அந்த ரகத்தில் ஒருவராவது இல்லாத ஊர் கிடையாது. நான் இருபது வருடமாகக் குடியிருக்கும் அமெரிக்கச் சிற்றூரான கார்ட்வெல்லில் அவர் பெயர் வெர்ன் கிரெப்ஸ். தொழில், குழாய் ரிப்பேர்.

காலையில் உணவு விடுதியில் அவரைப் பார்க்க வேண்டும். மருத்துவக் காப்பீடு என்ற சொல் யார் வாயிலிருந்தாவது தவறி விழுந்தால் போதும்; முள்கரண்டியை ஈட்டிபோல் தூக்கி, காப்பீட்டுக் கம்பெனிக்காரனுக்கு ஒரு குத்து, மருந்துக் கம்பெனிக்காரனுக்கு ஒரு குத்து, கடைசியில் எங்கள் மாநில செனட்டர் ஹாலோவேக்கு ஆழமாக ஒரு குத்து விட்டு, "அந்த ஆளு மூஞ்சிக்கு நேரா நின்னு கேக்குறேனா இல்லையா பாரு!" என்பார். முட்டை ஆறிப்போகும். செனட்டருக்கு ஒன்றும் ஆகாது.

முட்டையைக் கொண்டுவந்து வைப்பவள் டார்லா. ஐம்பத்தெட்டு வயது. அரசு உதவி கேட்டால் உன் சம்பளம் அதிகம் என்கிறார்கள். காப்பீடு எடுக்கப் போனால் உன் சம்பளம் போதாது என்கிறார்கள். ஜனவரிப் பனியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டபோது, பிளாஸ்டிக் குழாயை நீளவாக்கில் பிளந்து கட்டுப் போட்டவர் வெர்ன்தான். எலும்பு கூடியது. கோணலாக.

சம்பளத்துக்கேற்ற கட்டணத்தில் எல்லோருக்கும் காப்பீடு தரும் மசோதா ஒன்று மாநிலச் சட்டசபையில் தூங்கிக்கொண்டிருந்தது. மசோதாவை ஆராயும் குழுவின் தலைவர் ஹாலோவே விசாரணைக்குத் தேதி கொடுத்தால்தான் அது எழுந்திருக்கும். மார்ச் மாதம் நாற்பது பேர் பஸ் பிடித்துத் தலைநகருக்குப் போனோம். மூன்று பேர் உள்ளே வரலாம், பத்து நிமிடம் என்றார்கள். பேசுவது யார்? இதென்ன கேள்வி! வெர்ன் மூன்று மணி நேரம் பஸ்ஸில் கர்ஜித்தபடியே வந்திருந்தார். துணைக்கு டார்லாவும் நானும்.

கதவு திறந்தது.

"வாங்க வெர்ன்! கார்ட்வெல்லுக்கே தண்ணி ஓடவைக்கிற மனுஷனாச்சே!" என்று செனட்டர் எழுந்து வந்து கை கொடுத்தார். உதவியாளர் எழுதிக் கொடுத்த சீட்டு அவருடைய இடது கையில் இருந்தது. வெர்ன் அதைப் பார்க்கவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"ஐயாவுக்கு என் பேரு தெரியுதுங்களா?"

"தெரியாம இருக்குமா? சொல்லுங்க, என்ன விஷயம்?"

"பெருசா ஒண்ணுமில்லீங்க. சும்மா பாத்துட்டுப் போலாம்னு..."

டார்லா திரும்பி அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் முட்டையே வெந்திருக்கும். அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கழிவறையிலிருந்து டொக், டொக் என்று சத்தம்.

"அது என்னங்க ஐயா?"

"குழாய்தான். மூணு வாரமா சொட்டுது. எத்தனை தடவை சொன்னாலும் ஒருத்தன் வரல."

"மூணு வாரமா! உங்களுக்கா!"

சிங்கம் நாலுகாலில் கழிவறைக்குள் போயிற்று. பிறகு பூட்ஸ் மட்டும் தெரிந்தது. மீதி ஆறு நிமிடம்.

டார்லா கையை மேசைமேல் வைத்தாள்.

"இது எப்படிம்மா இப்படிக் கோணிப் போச்சு?"

"முறிஞ்சதுங்க. வைத்தியம் பாத்தவரு அதோ, உங்க வாஷ்பேசினுக்கு அடியில படுத்திருக்காரு."

"ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே?"

"போனா கை நேராயிருக்கும், வீடு போயிருக்கும். குழாய் மூணு வாரம் சொட்டுனதுக்கு உங்களுக்கு இவ்வளவு கோபம் வருதே ஐயா. நாங்க எத்தனை வருஷமா சொல்லிக்கிட்டிருக்கோம்?"

செனட்டர் அந்த மணிக்கட்டை இன்னொரு தரம் பார்த்தார்.

"நின்னுடுச்சு ஐயா!" என்றது கழிவறை.

ஹாலோவே உதவியாளரைக் கூப்பிட்டு, அடுத்த வியாழக்கிழமை விசாரணை என்றார். "எழுதிக் குடுங்க," என்றாள் டார்லா. எழுதிக் கொடுத்தார்.

திரும்பும் பஸ்ஸில் வெர்னுக்குக் குரல் வந்துவிட்டது. "பாத்தியா, எப்படி மடக்குனேன்!"

"உன்னாலதான் வெர்ன்," என்றாள் டார்லா. "இல்லேன்னா அந்தச் சொட்டுச் சத்தத்துல நான் பேசுனதே அவருக்குக் கேட்டிருக்காது."

வெர்ன் பெருமையாகத் தலையாட்டினார்.

மசோதா குழுவில் ஒரே ஒரு ஓட்டில் தப்பியது. சபையின் ஓட்டெடுப்பு இன்னும் பாக்கி. டார்லா இப்போதும் இடது கையால்தான் தட்டுத் தூக்குகிறாள். ஓட்டெடுப்பு நாளுக்கு இரண்டு பஸ் பேசியிருக்கிறோம். பேசப் போவது அவள்.

அந்த அறையில் மூன்றாவதாக இருந்த நான் என்ன பேசினேன் என்று கேட்கிறீர்களா? "இந்த வருஷம் குளிர் அதிகம்," என்றேன். செனட்டர் ஆமோதித்தார்.

சிரியுங்கள், தாராளமாகச் சிரியுங்கள். ஆனால், இன்றைக்குக் கேட்டே தீருவது என்று கண்ணாடி முன் நாலு தரம் ஒத்திகை பார்த்துவிட்டுப் போய், மேலதிகாரி "உட்காருங்க, பொண்ணு எந்தக் கிளாஸ்?" என்றதும் பொண்ணு வாங்கிய மார்க்கைச் சொல்லிவிட்டு எழுந்து வந்து, வீட்டில் "நல்லா நறுக்குன்னு கேட்டுட்டேன்" என்று சொன்னவர் ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம். அவர் இதைப் படித்துக்கொண்டிருக்கிறார்.